காப்பி செய்ததும் ஃபார்முலா தப்பான விடை காட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல் ஷீட்டின் முதல் வரிசையில் ஃபார்முலா கச்சிதமாக வேலை செய்கிறது. கீழே இழுத்ததும் பூஜ்யமாக வருகிறது, அல்லது எல்லா வரிசையிலும் ஒரே எண் நிற்கிறது, அல்லது பிழைச் செய்தி வருகிறது. இந்த மூன்றையும் பார்த்த உடனே தெரிந்துகொள்ளலாம். நான்காவதாக ஒன்று உண்டு: பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் ஓர் எண் வரும், ஆனால் அது தப்பு. இந்தப் பக்கத்தை எழுதியதே முக்கியமாக அந்த நான்காவதற்காகத்தான்.

இங்கே சொல்வது எக்செல்லை மனதில் வைத்து. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் இரண்டிலும் அடிப்படை இதேதான். செல் பெயர்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் செல்லில் சரியாக வந்த விடை, கீழே இழுத்ததும் ஏன் கெடுகிறது?

ஒரு சின்ன ஷீட்டை எடுத்துக்கொள்வோம். பி நெடுவரிசையில் வேலை பார்த்த மணிநேரம். பெருக்க வேண்டிய விகிதம் 1.5, அது ஈ1 செல்லில் இருக்கிறது. சி2-ல் =பி2*ஈ1 என்று எழுதுகிறீர்கள். பி2-ல் 40 இருந்தால் விடை 60. சரி.

இப்போது சி2-ஐக் காப்பி செய்து சி3-ல் ஒட்டுங்கள். அங்கே போய் நிற்பது =பி3*ஈ2. பி2 பி3 ஆனது நீங்கள் விரும்பியதுதான். ஆனால் ஈ1-உம் கூடவே ஒரு படி இறங்கி ஈ2 ஆகிவிட்டது. ஈ2 காலியாக இருந்தால் விடை பூஜ்யம். உடனே கண்ணில் படும். ஈ2-ல் வேறு எதற்கோ வைத்த 12 என்ற எண் இருந்தால்? பி3-ல் 38 மணி நேரம் என்றால் 57 வரவேண்டிய இடத்தில் 456 வரும். எக்செல் எந்தப் பிழையும் சொல்லாது. அதன் கணக்குப்படி அது தப்பே செய்யவில்லை.

காரணம் இதுதான்: ஃபார்முலா செல்லின் முகவரியை நினைவில் வைப்பதில்லை, அங்கே போகும் வழியைத்தான் வைத்திருக்கிறது. சி2-ல் நீங்கள் எழுதியதை அது, "எனக்கு ஒரு கட்டம் இடப்பக்கம் இருப்பதை, ஒரு வரிசை மேலே ஏறி இரண்டு கட்டம் வலப்பக்கம் போனால் வருவதோடு பெருக்கு" என்று புரிந்துகொள்கிறது. அதே வழியைச் சி3-ல் நின்று நடந்தால் வேறு வீட்டுக்குத்தான் போய்ச் சேர முடியும்.

1979-இல் வந்த விசிகால்க், தனிக் கணினிகளில் ஓடிய முதல் ஸ்ப்ரெட்ஷீட், ஃபார்முலாவைப் பல செல்களுக்குப் படியெடுக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு செல்லையும் காட்டி "இது மாறலாமா, அப்படியே இருக்க வேண்டுமா?" என்று கேட்கும். இன்றைய நிரல்கள் அப்படிக் கேட்பதில்லை. பதிலை நாம் முன்கூட்டியே, டாலர் குறியாக, ஃபார்முலாவுக்குள் எழுதி வைக்க வேண்டும்.

டாலர் குறியை எங்கே போடுவது?

எது நகரக் கூடாதோ அதற்கு முன்னால். $ஈ$1 என்றால் எழுத்தும் நகராது, எண்ணும் நகராது. ஈ$1 என்றால் வரிசை மட்டும் பூட்டு. $ஈ1 என்றால் நெடுவரிசை மட்டும் பூட்டு. மேலே சொன்ன ஷீட்டில் =பி2*$ஈ$1 என்று திருத்தி மறுபடி இழுத்தால் தீர்ந்தது.

குறியைக் கையால் அடிக்கத் தேவையில்லை. ஃபார்முலாவுக்குள் ஈ1 மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் இந்த நான்கு நிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். மேக் எக்செல்லில் கமாண்ட், டி (T).

பாதிப் பூட்டு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பெருக்கல் வாய்ப்பாடு போட்டுப் பாருங்கள். ஏ நெடுவரிசையில் 2-ஆம் வரிசையிலிருந்து 1, 2, 3. முதல் வரிசையில் பி1-லிருந்து 1, 2, 3. பி2-ல் =$ஏ2*பி$1 என்று ஒரே ஒரு ஃபார்முலா. அதைக் கட்டம் முழுக்க இழுங்கள். டி4-க்குப் போய்ப் பார்த்தால் =$ஏ4*டி$1 என்று இருக்கும். பக்கத்துத் தலைப்பு ஏ-வை விட்டு நகராது, மேல் தலைப்பு முதல் வரிசையை விட்டு இறங்காது. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு டாலர் குறி பிறகு குழப்பமே தராது. படித்து மனப்பாடம் செய்வதைவிட இந்த ஐந்து நிமிடம் மேல்.

பயத்தில் எல்லாவற்றுக்கும் டாலர் போட்டுவிடாதீர்கள். =$பி$2*$ஈ$1 என்று எழுதி இழுத்தால் எல்லா வரிசையிலும் முதல் ஆளின் கணக்கே திரும்பத் திரும்ப வரும்.

எல்லா வரிசையிலும் ஒரே விடை வருகிறது. டாலர் குறியும் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு என்ன?

கீழே உள்ள ஒரு செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டியைப் பாருங்கள். அங்கே பி7, பி8 என்று சரியாக மாறியிருந்தும் விடை மட்டும் முதல் வரிசையுடையதாகவே இருந்தால், கணக்கிடும் முறை மேனுவலில் இருக்கிறது. அதாவது நீங்கள் சொல்லும் வரை எக்செல் கணக்குப் போடாது. எஃப்9 அழுத்துங்கள். எண்கள் சடசடவென்று மாறினால் இதுதான் நோய். மேலே உள்ள ஃபார்முலாஸ் டேப்பில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள்.

"நான் மேனுவலில் வைக்கவே இல்லையே" என்பீர்கள். உண்மைதான். எக்செல்லைத் திறந்ததும் முதலில் திறக்கும் கோப்பில் எந்த முறை சேமிக்கப்பட்டிருக்கிறதோ, அதுவே அடுத்துத் திறக்கும் கோப்புகளுக்கும் பொருந்தும். யாரோ அனுப்பிய கனமான கோப்பை முதலில் திறந்திருந்தால், அதிலிருந்த மேனுவல் உங்கள் கோப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சேமித்தால் உங்கள் கோப்பிலும் பதிந்துவிடும்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். முந்நூறு வரிசைக்கு மேல் உள்ள ஒரு கணக்கில் பழைய எண்களோடு மொத்தம் நின்றிருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒருவர் தன் வரிசையைக் கையால் கூட்டிப் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. அன்றிலிருந்து எதை அனுப்பும் முன்பும் எஃப்9 அழுத்திவிட்டுத்தான் சேமிக்கிறேன்.

காப்பி செய்வதற்கும் கட் செய்வதற்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. காப்பி செய்தால் வழி போகிறது. கட் செய்தால் முகவரி போகிறது. =பி2*ஈ1 என்பதைக் கட் செய்து எங்கே ஒட்டினாலும் அது =பி2*ஈ1 ஆகவே இருக்கும். அதோடு நிற்பதில்லை: ஈ1 செல்லையே கட் செய்து ஹெச்1-க்கு மாற்றினால், ஈ1-ஐச் சொன்ன எல்லா ஃபார்முலாக்களும் தாமாகவே ஹெச்1 என்று மாறிக்கொள்ளும்.

மாறாமல் அப்படியே காப்பி வேண்டுமானால் செல்லைக் காப்பி செய்யாதீர்கள். ஃபார்முலா பட்டிக்குள் போய் எழுத்துகளைத் தேர்ந்து காப்பி செய்து, எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, புதிய செல்லின் பட்டியில் ஒட்டுங்கள். மேல் செல்லில் உள்ளதை எழுத்து மாறாமல் கீழே கொண்டுவர கண்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் குறி விசை போதும்.

சதவீதம் கணக்கிட்டேன். கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது.

பி2 முதல் பி20 வரை எண்கள். ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்க்க =பி2/சம்(பி2:பி20) எழுதி இழுத்திருப்பீர்கள். அடுத்த வரிசையில் அது =பி3/சம்(பி3:பி21) ஆகிறது. வரிசைக்கு வரிசை கூட்டல் வீச்சு (எங்கிருந்து எங்கே வரை கூட்ட வேண்டும் என்ற எல்லை) கீழே வழுக்குகிறது, மேலே உள்ள எண்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. பட்டியலுக்குக் கீழே காலியாக இருந்தால், கடைசி வரிசை தன்னைத் தானே வகுத்துக்கொண்டு 100% என்று காட்டும். அதைப் பார்த்தாலே வீச்சு வழுக்கியிருக்கிறது என்று உறுதி. திருத்தம்: =பி2/சம்($பி$2:$பி$20).

வேண்டுமென்றே பாதி வழுக்கவிடுவதும் உண்டு. =சம்(பி$2:பி2) என்று எழுதி இழுத்தால் தொடக்கம் நிலைத்து நிற்கும், முடிவு நீண்டுகொண்டே போகும். அதுவரையிலான கூட்டுத்தொகை கிடைக்கும்.

வீச்சு குறைந்துபோவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி எழுதிய கட்டுரை பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களுடைய எக்செல் கோப்பையே வாங்கிப் பார்த்தார். 30-ஆம் வரிசை முதல் 49 வரை எடுக்கவேண்டிய சராசரி 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்களும் சுட்டிய குறைகளில் இது ஒன்றுதான். எண்ணில் வந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி மற்றவற்றால் வந்தது. ஆனால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அது மூன்றாண்டு அங்கேயே இருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

விலுக்கப் மேலே சில வரிசைகளில் வேலை செய்கிறது. கீழே போகப்போக #என்/ஏ வருகிறது.

விலுக்கப் (VLOOKUP) ஒரு பெயரைப் பட்டியலில் தேடி, அதே வரிசையிலுள்ள தகவலைத் தரும் ஃபங்ஷன்; #என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை. இதுவும் வழுக்கும் வீச்சுதான். =விலுக்கப்(ஏ2, ஜி2:ஹெச்50, 2, ஃபால்ஸ்) என்பது பத்து வரிசை கீழே போனதும் ஜி12:ஹெச்60-இல் தேடும். தேடும் பெயர் ஜி5-இல் இருந்தால் கிடைக்காது. கீழே இருக்கும் பெயர்கள் மட்டும் கிடைப்பதால் "சிலது வருகிறது, சிலது வரவில்லை" என்ற குழப்பம் வரும். $ஜி$2:$ஹெச்$50 என்று பூட்டுங்கள்.

கடைசியில் உள்ள ஃபால்ஸ் விடுபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது எக்செல் தோராயப் பொருத்தம் தேடும். பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக நம்பிக்கொண்டு, கிடைக்காத பெயருக்குப் பக்கத்துப் பெயரின் விடையைத் தந்துவிடும். #என்/ஏ வந்தால் நல்லது என்றே சொல்வேன், அது கையை உயர்த்திக் கூப்பிடுகிறது. தப்பு ஆளின் எண் வந்து உட்கார்ந்தால் யார் கண்டுபிடிப்பது?

வலப்பக்கம் இழுப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: நடுவிலுள்ள 2 வெறும் எண், அது செல் அல்ல. எத்தனை கட்டம் இழுத்தாலும் 2 ஆகவே இருக்கும், ஏ2-வை $ஏ2 என்று பூட்டியிருந்தால் எல்லா நெடுவரிசையிலும் ஒரே தகவல் வரும். உங்களிடம் எக்செல் 2021, அதற்குப் பிந்தைய பதிப்பு, அல்லது 365 இருந்தால் எக்ஸ்லுக்கப்புக்கு மாறிவிடுங்கள். அதில் விடை வரவேண்டிய நெடுவரிசையை நேரடியாகக் காட்டுவதால் இழுக்கும்போது அதுவும் நகரும், தோராயப் பொருத்தமும் கேட்டால்தான் வரும்.

#ரெஃப்! என்று வருகிறதே?

ஃபார்முலா சொன்ன வழியில் போனால் ஷீட்டே முடிந்துவிடுகிறது. டி5-ல் நின்று மூன்று கட்டம் இடப்பக்கம் ஏ5-ஐப் பார்க்கும் ஃபார்முலாவைச் சி5-ல் ஒட்டினால், ஏ-வுக்கும் அந்தப் பக்கம் போகச் சொல்கிறீர்கள். அங்கே ஒன்றும் இல்லை. அது பார்த்துக்கொண்டிருந்த வரிசையை யாராவது நீக்கியிருந்தாலும் இதேதான். #ரெஃப்! வந்த பிறகு பழைய முகவரி ஃபார்முலாவில் மிஞ்சாது. உடனே கண்ட்ரோல், இசட்.

எண்கள் கண்ணெதிரே இருக்கின்றன. சம் மட்டும் பூஜ்யம் காட்டுகிறது.

கண்ணுக்கு எண், எக்செல்லுக்கு எழுத்து. வேறு நிரலிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ காப்பி செய்த தரவில் இது சகஜம். செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்பது, மூலையில் பச்சை முக்கோணம் இருப்பது இரண்டும் அடையாளங்கள். சந்தேகமிருந்தால் பக்கத்து செல்லில் =இஸ்நம்பர்(பி2) போடுங்கள்.

இங்கே பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. =பி2+பி3 என்று எழுதினால் சரியான விடை வரும், =சம்(பி2:பி3) பூஜ்யம் தரும். கூட்டல் குறி, எழுத்தாக இருப்பதையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும். சம் வீச்சுக்குள் இருக்கும் எழுத்தை மதிக்காமல் தாண்டிவிடும். நூறு வரிசையில் மூன்று மட்டும் எழுத்தாக இருந்தால் மொத்தம் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வராது.

சரிசெய்ய: காலி செல் ஒன்றில் 1 என்று அடித்துக் காப்பி செய்யுங்கள். பிரச்சினையுள்ள எண்களைத் தேர்ந்து பேஸ்ட் ஸ்பெஷல் போய் மல்டிப்ளை கொடுங்கள். அதற்கும் #வேல்யூ! அல்லது மாற்றமின்மை என்றால், எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கிறது. இணையப் பக்கங்களில் வரும் இடைவெளி சாதாரணமானது அல்ல, அதன் குறியெண் 160. ட்ரிம் அதைத் தொடாது. =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(பி2, கேர்(160), "")) என்று எழுதித்தான் நீக்க வேண்டும் (கேர் என்பது CHAR).

விடைக்குப் பதிலாக ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிகிறது.

செல் டெக்ஸ்ட் வடிவத்தில் இருக்கிறது. ஜெனரல் என்று மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, எஃப்2 அழுத்தி என்டர் தட்ட வேண்டும். ஷீட் முழுக்கவே இப்படித் தெரிந்தால் கண்ட்ரோலோடு எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசை தவறுதலாக அழுந்தியிருக்கும். மறுபடி அழுத்துங்கள்.

வேறு கோப்புக்குக் காப்பி செய்தேன். பழைய கோப்பின் பெயர் ஃபார்முலாவுக்குள் வந்துவிட்டது.

ஒரே ஷீட்டுக்குள் இருக்கும் செல்களை மட்டும் சொல்லும் ஃபார்முலா இந்தத் தொல்லையைத் தராது. வேறொரு ஷீட்டைச் சொல்லும் ஃபார்முலாவைப் புதிய கோப்பில் ஒட்டும்போது, எக்செல் பழைய கோப்பில் உள்ள அந்த ஷீட்டையே பிடித்துக்கொள்ளும். புதிய கோப்பில் அதே பெயரில் ஷீட் இருந்தாலும் பார்க்காது. நீங்கள் புதிய விகிதங்களை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், விடை பழைய கோப்பிலிருந்து வரும்.

டேட்டா டேப்பில் எடிட் லிங்க்ஸ் (புதிய பதிப்புகளில் ஒர்க்புக் லிங்க்ஸ்) போய், சேஞ்ச் சோர்ஸ் கொடுத்து இந்தக் கோப்பையே தேர்ந்தெடுக்கலாம். காப்பி செய்யும் முன்பே தவிர்க்க விரும்பினால், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் = என்பதை ##= என்று மாற்றுங்கள். ஃபார்முலாக்கள் வெறும் எழுத்தாகிவிடும். ஒட்டிவிட்டு இரண்டு கோப்பிலும் திரும்ப மாற்றுங்கள்.

தேதிகள் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளிப்போனால் அது வேறு கதை. ஒரு கோப்பு 1900-லிருந்தும் மற்றது 1904-லிருந்தும் நாளை எண்ணுகிறது. பழைய மேக் கோப்புகளில் இதைப் பார்க்கலாம். வித்தியாசம் சரியாக 1,462 நாள். அதைக் கூட்டினாலோ கழித்தாலோ சரியாகிவிடும்.

ஃபில்டர் போட்டிருக்கும்போது ஒட்டலாமா?

பல வரிசைகளைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். மறைந்திருக்கும் வரிசைகளிலும் விழுந்து, அங்கிருந்ததை அழித்துவிடும். ஃபில்டரை எடுத்த பிறகே தெரியும்.

எக்செல் டேபிளுக்குள் எழுதினால் இந்தப் பிரச்சினையே வராது என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. கண்ட்ரோல், டி (T) கொடுத்து டேபிளாக்கினால் ஃபார்முலா [@நேரம்] என்று பெயரால் பேசும், புதிய வரிசைக்குத் தானே இறங்கும். நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதும் இதைத்தான். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வலப்பக்கம் இழுத்தால் நெடுவரிசைப் பெயர் அடுத்ததற்கு மாறும்; காப்பி செய்து ஒட்டினால் மாறாது. இழுத்தாலும் மாறக்கூடாது என்றால் பதிவு[@[நேரம்]:[நேரம்]] என்று இரண்டு முறை எழுத வேண்டும். இங்கே பதிவு என்பது டேபிளின் பெயர்.

மூன்று செல்லில் 1, 1, 1 என்று இருக்கிறது. கூட்டினால் 4 வருகிறது!

காப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே மூன்றும் 1.4, தசமத்தை மறைத்துக் காட்டுகிறது. கூட்டினால் 4.2, அதுவும் 4 என்று தெரியும். தெரிவதே கணக்கில் ஏற வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ரவுண்டுக்குள் போடுங்கள்.

ஐந்நூறு வரிசை இருக்கிறது. எதில் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சை முக்கோணத்தை மட்டும் நம்பாதீர்கள். ஃபார்முலா விஷயத்தில் பெரும்பாலும் பக்கத்து செல்களோடு ஒத்துப்போகாததைத்தான் அது காட்டும். எல்லாமே ஒரே மாதிரி தப்பாக இருந்தால் அதற்கு எல்லாம் ஒத்துப்போகிறது.

முதலில் கடைசி வரிசைக்குப் போங்கள். எஃப்2 அழுத்தினால் ஃபார்முலா சொல்லும் செல்கள் வண்ணக் கட்டங்களாகத் தெரியும். வழுக்கியிருந்தால் கடைசி வரிசையில்தான் அதிக தூரம் வழுக்கியிருக்கும், அதனால் அங்கேதான் பளிச்சென்று தெரியும். நடுவில் யாரோ ஒருவர் ஃபார்முலாவை அழித்து வெறும் எண்ணை அடித்திருப்பாரோ என்ற சந்தேகத்துக்கு, சி2-லிருந்து கீழ்வரை தேர்ந்து கண்ட்ரோல், ஷிஃப்ட்டோடு பின்சாய்கோடு விசையை அழுத்துங்கள். முதல் செல்லோடு பொருந்தாதவை மட்டும் தேர்வாகி நிற்கும்.

நீண்ட ஃபார்முலாவில் ஒரு பகுதி மட்டும் என்ன தருகிறது என்று பார்க்க, பட்டியில் அந்தப் பகுதியைத் தேர்ந்து எஃப்9. பார்த்ததும் எஸ்கேப் அழுத்த மறக்காதீர்கள். என்டர் தட்டினால் அந்தப் பகுதி நிரந்தரமாக எண்ணாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, பலர் அதைத் தொட்டே பார்த்ததில்லை. ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ் போய் ஆர்1சி1 ரெஃபரன்ஸ் ஸ்டைல் என்பதை டிக் செய்யுங்கள். மேலே ஏ, பி, சி போய் 1, 2, 3 வரும். ஆர் என்றால் வரிசை, சி என்றால் நெடுவரிசை, சதுர அடைப்புக்குள் இருப்பது எத்தனை கட்டம் தள்ளி என்பது. நம்முடைய முதல் ஷீட்டின் தப்பான ஃபார்முலா இப்போது =ஆர்சி[-1]*ஆர்[-1]சி[2] என்று தெரியும். ஒரு வரிசை மேலே, இரண்டு கட்டம் வலப்பக்கம் என்ற அந்த வழி அப்படியே எழுத்தில் நிற்கிறது. திருத்தியது =ஆர்சி[-1]*ஆர்1சி5. அடைப்பு இல்லாத 1-உம் 5-உம் நகராதவை.

சரியாகக் காப்பியான நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை ஓர் எழுத்துகூட மாறாமல் இதே வரி இருக்கும். மாறியிருக்கும் வரிசைதான் நீங்கள் தேடியது. பார்த்து முடித்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள், ஏ, பி, சி திரும்பிவிடும்.